பதினாறு இடது காது

இதோ வருது. செல்லோ நாலும் கீழ இறங்கி, வயலின் எல்லாம் மேல ஒரே இழையா நிக்கற எடம், இப்போ என் சாக்ஸஃபோன் உள்ள வரணும், வர்றதுக்கு அரை நொடி முன்னாடி, அதோ, கேட்டுச்சா, ரொம்பப் பின்னாடி, பக்கத்து ரூம்ல யாரோ கதவைச் சாத்திக்கிட்டு ஊதற மாதிரி இன்னொரு சாக்ஸ். "திரும்பப் போடு திலீபா"ன்னேன். பதினோராவது தடவை. திலீபன் மூஞ்சியில ஒரு சுளிப்பு கிடையாது, சவுண்ட் இன்ஜினியருக்குப் பொறுமைதான் முதல் படிப்பு, "சரிக்கா"ன்னு ஒரு விரலால தட்டினான், மறுபடியும் செல்லோ இறங்குது. சுவத்துக் கடிகாரத்துல பதினொண்ணு இருபது. சாலிகிராமத்துச் சந்துல வெளிய வெயில் கொளுத்துது, எதிர்ல மாவு மில்லு ஓடுது, இங்க உள்ள அது எதுவும் கேக்காது, ஏசிக் குளிர்ல துப்பட்டாவை ரெண்டு சுத்து சுத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு மணிக்குள்ள ஒண்ணு சொல்லியாகணும். என் பேண்டுல நாலு பேர், கூட வயலின், வயோலா, செல்லோன்னு ஸ்ட்ரிங்ஸ் பதினாறு பேர், எல்லாரும் சேர்ந்து வாசிச்ச ஆல்பம், எட்டுப் பாட்டுல ஏழு முடிஞ்சு போச்சு, இந்த ஆறாவது மட்டும்தான் தொண்டையில மாட்டின மீன் முள்ளா நிக்குது. கடைசி மெருகு போடறவர் மும்பையில இருக்கார், ஒரு மணிக்கு மேல அனுப்பினா அடுத்தது ஜனவரிதான்னு கறாரா சொல்லிட்டார். அந்தப் பின்னாடிச் சத்தத்தை அப்படியே விட்டுடலாம். இல்ல, இப்போ புதுசா ஏதோ வந்திருக்காம், கம்ப்யூட்டரே கலவையிலேர்ந்து ஒரு வாத்தியத்தை மட்டும் பிரிச்சு உருவிடுமாம், அதை வச்சு வெளிய எடுத்துப் போட்டுடலாம். மூணாவதா ஒண்ணு இருக்கு, அதைக் காலையில திலீபன் வாய் தவறிச் சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டான். "பிரிச்சு எடுத்துட்டோம்னா, அதையே முன்னாடி கொண்டு வரலாம்க்கா." அதையேன்னா, என்னை எடுத்துட்டு. அவன் கெட்ட எண்ணத்துல சொல்லல. காது இருக்கறவன் சொல்லத்தான் செய்வான். பின்னாடி வாசிக்கறவ முன்னாடி வாசிக்கறவளை விட நல்லா வாசிக்கறா, அதுதான் விஷயம், ரெண்டு பேரும் நான்தான்.

தப்பு முழுக்க என்னோடது. வேற யார் தலையிலயாவது கட்டலாம்னு ரெண்டு நாளா பார்க்கறேன், ஒரு தலையும் பொருந்தல. எங்க தொழில்ல கைடுன்னு ஒண்ணு உண்டு. மத்தவங்களுக்கு வழி தெரியணுமேன்னு சும்மா கூடவே ஊதி வைக்கறது, எல்லாரும் வாசிச்சு முடிச்சப்புறம் நிதானமா நிஜ வாசிப்பை எடுத்து அதுக்கு மேல வச்சுட்டு கைடைத் தூக்கிப் போட்டுடறது. என் முதல் ஆல்பத்துல கைடு மேலயே எனக்குக் காதல் வந்து, அப்புறம் நிஜமா வாசிச்ச எதுவும் பிடிக்காம, ஆறு மாசம் பைத்தியம் பிடிச்சு அலைஞ்சேன். அன்னைலேர்ந்து ஒரு சட்டம் போட்டேன், ஸ்ட்ரிங்ஸ் எடுத்து முடிச்ச அன்னிக்கே கைடை அழிச்சுடணும், காப்பி கூட இருக்கக் கூடாது, அழிக்கும்போது நான் பக்கத்துல நின்னு பார்க்கணும். மார்ச் மாசம் திலீபன் கெஞ்சினான். "அக்கா, ஒரு காப்பி ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே, சோறா கேக்குது?" "பழைய குழம்பு இருந்தா புதுசா சமைக்கக் கை வராது, அழி"ன்னேன். அழிச்சான். பெரிய ஞானி நான். அதோட விட்டேனா, ஸ்ட்ரிங்ஸுக்குக் காதுல டிக் டிக்னு க்ளிக் ஓடும் பாருங்க, தாளம் பிசகாம இருக்க, அதையும் நிறுத்தச் சொன்னேன். கடிகாரத்தோட வாசிக்க வேண்டாம், என் மூச்சோட வாசிக்கட்டும், எல்லார் ஹெட்ஃபோன்லயும் என் கைடை நல்லாச் சத்தமா வைன்னேன். வயலின்காரங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, ஹெட்ஃபோனோட இடது காதை மட்டும் நகர்த்திப் பின்னாடி தள்ளிக்குவாங்க, வயலின் அந்தப் பக்கம்தானே இருக்கு, அவங்க சுருதி அவங்களுக்குக் கேக்கணும். செல்லோகாரங்களும் அப்படித்தான். அத்தனை வருஷமா பார்க்கறேன், தெரியும் எனக்கு, க்ளிக்குன்னா லேசா வச்சிருப்பாங்க, மைக்ல ஒட்டாது. நான் என்னைச் சத்தமா வைக்கச் சொன்னேன். பதினாறு இடது காது, திறந்து கெடந்த பதினாறு கிண்ணத்துலேர்ந்தும் நான் ஒழுகி, அத்தனை மைக்குக்குள்ளயும் போய்ப் படிஞ்சிருக்கேன். மத்த பாட்டுல டிரம்ஸ் இருக்கு, பியானோ இருக்கு, மறைச்சுடுது. ஆறாவதுல பேண்டு கிடையாது, ஸ்ட்ரிங்ஸும் சாக்ஸும் மட்டும். சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் அழிச்சேன்னு நினைச்சவ அழியல, ரூம் பூரா பரவி உக்காந்துக்கிட்டா.

அழிச்சு ஒன்பதாவது நாள் காலையில பல் தேய்ச்சு வாய் கொப்பளிக்கறேன், தண்ணி வலது பக்கமா தானா வழியுது. குழாயைத்தான் முதல்ல சந்தேகப்பட்டேன், என் புத்தியே புத்தி. காபி குடிக்கும்போது ஸ்டான்லி பேப்பரை இறக்கிட்டு, "ஹெப்ஸி, என்னடி, புடவை எல்லாம் காபி"ன்னார். எழுந்து கார் சாவியை எடுத்தார், கல்யாணமாகி பதினேழு வருஷத்துல அவர் சட்டையில பொத்தான் மாத்திப் போட்டு நான் பார்த்தது அன்னிக்குத்தான். முகவாதம். நரம்புல வீக்கம், பயப்படாதீங்க, நூத்துக்கு எண்பது பேருக்குச் சரியாயிடும்னு டாக்டர் சொன்னார். மீதி இருபது பேரைப் பத்தி நான் கேக்கல. கேட்டா வாய்லேர்ந்து வார்த்தை கோணிக்கிட்டு வருது. வலது கண்ணு மூடாது, மத்தியானம் படுத்தா டேப் போட்டு ஒட்டி விடுவார் ஸ்டான்லி, டேப்புக்குள்ள கண்ணு முழிச்சுக்கிட்டே கெடக்கும், நான் தூங்கறேன், அது தூங்காம எதையோ பார்த்துக்கிட்டு இருக்கு. சர்ச்சுலேர்ந்து வந்த எஸ்தர் ஆன்ட்டி, "ஆண்டவர் உன்னைக் கொஞ்சம் அமைதியா இருக்கச் சொல்றார் ஹெப்சிபா"ன்னாங்க. ஆண்டவர் சொல்றதுன்னா காதுல சொல்லலாமே ஆன்ட்டி, வாயை ஏன் இழுக்கறார்னு கேட்டேன், அதுக்கப்புறம் அவங்க ஜெபம் போன்லதான். பிசியோதெரபி பண்ற பொண்ணு கண்ணாடி முன்னாடி உக்கார வச்சு, "சிரிங்க மேடம், கன்னத்தை உப்புங்க, விசில் அடிங்க"ம்பா. இடது பக்கம் நான் சிரிக்கறேன். வலது பக்கம் யாரோ ஒருத்தி ஆர்வமே இல்லாம என்னைப் பார்க்கறா. அவ கிட்ட நான் அஞ்சு மாசம் கெஞ்சினேன். ஆகஸ்ட்ல தொண்ணூறு சதவீதம் வந்துடுச்சுன்னு சொன்னாங்க, கூட்டத்துல யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க, போட்டோவுக்குச் சிரிக்கலாம். ஊதினா தெரியும். மவுத்பீஸைச் சுத்தி வாய் இறுகணும், அந்த வலது ஓரத்துல ஒரு ஊசி முனை அளவுக்கு இறுகாது, ஸ்ஸ்னு காத்து போகும், மூச்சு முக்கால்வாசியிலயே தீரும். ஒன்பது நாள், ஒரு வரி ஊதறது, நிறுத்தறது, அடுத்த வரி, திலீபன் ஒட்டுப் போட்டுத் தச்சான். தச்சது தெரியல. நல்லாத்தான் இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. நல்லாத்தான் இருக்கு, அந்த 'தான்' என்னைச் சாகடிக்குது.

"அக்கா, இன்னொரு தடவை போடவா?" போடு. இந்தத் தடவை ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு ஸ்பீக்கர்ல கேட்டேன், அது தப்பாப் போச்சு. ஹெட்ஃபோன்ல அவ தலைக்குள்ள எங்கேயோ இருந்தா, ஸ்பீக்கர்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போயிட்டா. எதிர்ல பெரிய கண்ணாடி ஜன்னல், அதுக்கு அந்தப் பக்கம்தான் அன்னிக்கு அவங்க உக்காந்து வாசிச்ச ரூம், இப்போ லைட் இல்ல, அடுத்த பார்ட்டிக்காக நாற்காலி எல்லாம் அரை வட்டமா போட்டு வச்சிருக்காங்க. காலி நாற்காலி. சத்தம் அங்கேர்ந்து வருதுன்னு சத்தியம் பண்ணுவேன். ரெண்டாவது வரிசையில, ஓரத்துலேர்ந்து மூணாவது. கண்ணாடியில என் மூஞ்சியும் தெரியுது, அந்த இருட்டு ரூம் மேல ஒட்ட வச்ச மாதிரி, கண்ணாடியில வலது இடது மாறித் தெரியுமா, அதனால அந்த மூஞ்சிக்கு நல்ல பக்கம் வேற பக்கத்துல இருக்கு. சீ, என்ன இது, சின்னப் பொண்ணாட்டம். நாப்பத்தி நாலு வயசுல பேய்க்குப் பயப்படறேனா, அதுவும் என் பேய்க்கு. அப்போதான் கடைசிப் பக்கம் வந்துச்சு. கடைசிப் பக்கத்துல சாக்ஸே கிடையாது, ஸ்ட்ரிங்ஸ் மட்டும் பதினாறு பார், அதாவது பதினாறு தாளக்கட்டு, தனியா வாசிச்சு அடங்கணும், கைடுலயும் நான் ஊதல, ஊதாம நின்னேன், நல்லா ஞாபகம் இருக்கு. அங்க ஒரு மூச்சு கேட்டுச்சு. என் மூச்சு. நான் ரெண்டு தவணையா இழுப்பேன், முதல்ல குட்டியா ஒரு மடக்கு, அப்புறம் முழுசா, பள்ளிக்கூட பேண்டுலயே அதுக்குத் திட்டு வாங்கினவ நான், திருந்தல. குட்டியா ஒண்ணு, முழுசா ஒண்ணு. அப்படியே கேட்டுச்சு. "திலீபா, இங்க கைடு இல்லையே?" "இல்லையேக்கா." "அப்போ இது என்ன?" அவன் ஒவ்வொரு மைக்கா திறந்து கேட்டான், முதல் வயலின், ரெண்டாவது, வயோலா, செல்லோ, அவன் விரல் நிக்குது, போகுது, நிக்குது. அப்புறம் என்னைப் பார்க்காம சொன்னான். "எல்லாத்துலயும் இருக்குக்கா. அவங்க எல்லாருமே அப்படி மூச்சு விடறாங்க." போனை எடுத்து ரங்கபாஷ்யம் சாரைக் கூப்பிட்டேன், பதினாறு பேரையும் கூட்டிக்கிட்டு வந்து முன்னாடி உக்காந்து நடத்தினவர் அவர்தான். "ஏம்மா, அன்னிக்கு க்ளிக் வேண்டாம்னுட்டியே, நீ எங்க மூச்சு விடறியோ அங்கதான் நாங்க வில்லையே திருப்பினோம். ஆத்துக்கு வந்தும் ரெண்டு நாள் விடல, காபி குடிக்கறச்ச கூட ரெண்டு வாட்டியா இழுக்கறேளே, என்ன ஆச்சுன்னு என் ஆத்துக்காரி கேட்டா, போயேன்!" அவர் சிரிச்சார். அப்புறம், "உனக்கு இப்போ தேவலையா?"ன்னார். தேவலை சார்னு வச்சுட்டேன். எனக்கு இப்போ ரெண்டு தவணையா இழுக்க வராது, ஓரம் தாங்காது, ஒரே வாயா முழுங்கிடறேன். வில்லிவாக்கத்துலயோ மாம்பலத்துலயோ பதினாறு வீட்டுல என் நல்ல வாய் காபி குடிச்சுக்கிட்டு இருக்கு, நான் இங்க உக்காந்திருக்கேன்.

"பிரிச்சுடு"ன்னேன். எதுக்குன்னு கேக்காம பிரிச்சான். நீலக் கோடு ஒண்ணு திரையில மெதுவா நகர்ந்துச்சு, நாலு நிமிஷம், அந்த நாலு நிமிஷத்துல நான் கை நகத்தை எல்லாம் கடிச்சு முடிச்சேன். முதல்ல அவ இல்லாத ஸ்ட்ரிங்ஸைப் போட்டான், அதுக்கு மேல என் ஆகஸ்ட் வாசிப்பு. அய்யோ. இதை எப்படிச் சொல்றது, முழங்கால் வலிக்காரங்க சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே நடப்பாங்க இல்ல, அந்தச் சுவரை எடுத்துட்டா எப்படி இருக்கும். ஆகஸ்ட்ல என் காதுல ஸ்ட்ரிங்ஸைப் போட்டுக்கிட்டுத்தானே வாசிச்சேன், அதுக்குள்ள அவ இருந்திருக்கா, எனக்கே தெரியாம நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு ஊதியிருக்கேன், அவ இழுத்த எடத்துல இழுத்து, அவ குழைஞ்ச எடத்துல குழைஞ்சு, ஒரு அரைக்கால் நொடி தள்ளி, காப்பி அடிக்கற பொண்ணு பக்கத்துப் பேப்பரைப் பார்த்துப் பார்த்து எழுதற மாதிரி. அவளை எடுத்ததும் நான் எதுக்கோ பதில் சொல்லிக்கிட்டே இருக்கேன், கேட்டவங்க யாரும் இல்ல. "இப்போ அவளை மட்டும் போடு"ன்னேன். திலீபன் அவளைன்னா யாருன்னு கேக்கல. போட்டான். தண்ணிக்கு அடியில இருந்து வர்ற மாதிரி, ஓரமெல்லாம் கொஞ்சம் அரிச்ச மாதிரி, ஆனா முழுசா, எட்டு பார் ஒரே மூச்சுல, மேல போய், அங்க நின்னு, எந்தப் பயமும் இல்லாம இறங்கறா. எனக்கு அழுகை வந்துடுச்சு. அழுதா வலது கண்ணுல இருந்து மட்டும் லேட்டா வரும். நல்லா வாசிக்கறாடீ. படுபாவி, என்ன நல்லா வாசிக்கறா. தலையை ஆட்டிட்டா போதும், திலீபன் அதை மெருகேத்தி முன்னாடி வச்சுடுவான், ஒரு பயலுக்குத் தெரியாது, கேக்கறவங்க ஆஹா ஓஹோம்பாங்க, பேரும் என் பேர்தான், பொய்யும் இல்ல. அப்புறம் மேடையில யார் ஏறி வாசிக்கறது? டிசம்பர்ல மியூசிக் அகாடமி கிடையாது எனக்கு, எக்மோர்ல ஒரு சின்ன ஹால்தான், ஆனா ஜனங்க வருவாங்களே, இதைக் கேட்டுட்டு வருவாங்க, வந்து அவளைத் தேடுவாங்க. ஒவ்வொரு ஊர்லயும் தேடுவாங்க. எனக்குத் திடீர்னு கோவம் வந்துச்சு பாருங்க, அப்படி ஒரு கோவம். அவளுக்கு என்ன தெரியும்? கண்ணை டேப் போட்டு ஒட்டிக்கிட்டுப் படுத்திருக்காளா? கண்ணாடி முன்னாடி உக்காந்து விசில் வராம அழுதிருக்காளா? வாய் இருக்கற திமிர்ல ஊதறா. அவளே அவளைப் பழைய குழம்புன்னு சொல்லிக் கொட்டச் சொன்னா, நான் இல்ல. "இவளை அழிச்சுடு திலீபா. ஸ்ட்ரிங்ஸ்லேர்ந்தும் சுத்தமா எடுத்துடு. மைக் போடு, நான் திரும்ப வாசிக்கறேன்." மணி பன்னெண்டு பத்து. "அக்கா, இப்பவா? தச்சுக்கலாமே, ஒரு ரெண்டு வரி மட்டும்..." "தைக்க வேண்டாம். ஒரே ஓட்டம். கிழிஞ்சா கிழியட்டும்." அவன் எழுந்தான். நிஜமா அழிக்கட்டுமான்னு கேட்டான், இந்தத் தடவை நானே பட்டனை அமுக்கினேன், எனக்குக் கை கூசல.

உள்ள லைட்டைப் போட்டதும் அது சாதாரண ரூம். பிளாஸ்டிக் நாற்காலி, தரையில ஒயரு, ஏசியோட சொட்டுத் தண்ணிக்கு ஒரு வாளி. ரெண்டாவது வரிசையில மூணாவது நாற்காலியை நான் பார்க்கல, அதுக்கு முதுகைக் காட்டி நின்னேன், அப்புறம் முதுகு குறுகுறுன்னு வந்துச்சு, திரும்பி நின்னுக்கிட்டேன். மவுத்பீஸ்ல இருக்கற ரீடை, அந்த நாணல் பட்டையை, நாக்குல வச்சு நனைச்சேன். திலீபன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டை விரலைக் காட்டினான். காதுல ஸ்ட்ரிங்ஸ், அவ இல்லாத ஸ்ட்ரிங்ஸ், கழுவி விட்ட தரை மாதிரி காலியா இருக்கு, செல்லோ நாலும் இறங்குது. இப்போ ரெண்டு காதையும் நல்லா மூடிக்கிட்டேன். மூச்சு எடுத்தேன், ஒரே வாயா, அவசரமா, பசியில சோத்தை அள்ளற மாதிரி, உள்ள வந்தேன். முதல் பார். ஸ்ஸ்னு கேக்குது, கேக்கட்டும். ரெண்டாவது. அவ குழைஞ்ச எடம் வருது, எனக்குக் குழையல, நேரா போனேன், நேரா போனாலும் பரவாயில்லையே, இது ஒரு மாதிரி நல்லாத்தானே, இல்ல, நல்லா இருக்கு, 'தான்' இல்ல. மூணு. நாலு. ஓரத்துல காத்து போகுது, எனக்குத் தெரியுது, வண்டியில பெட்ரோல் முள்ளு இறங்கறதைப் பார்த்துக்கிட்டே ஓட்டற மாதிரி, அஞ்சு, மேல ஏறணும், ஏறிட்டேன், அங்க நிக்கணும், ரெண்டு பார் நிக்கணும், ஆண்டவரே ரெண்டு பார், ஆறாவதுல பாதி கூட வரல, தீர்ந்துச்சு. மார்ல ஒண்ணும் இல்ல. வாயை எடுத்தேன். எடுக்கறோம்னு தெரிஞ்சே எடுத்தேன், போகட்டும், கிழியட்டும்னு சொன்னேன் இல்ல, கிழிஞ்சுது, மவுத்பீஸ் உதட்டை விட்டு விலகி ஒரு விரல் கடை தூரத்துல நிக்குது, நான் மூச்சை இழுக்கறேன். சத்தம் நிக்கல.

என் வாய் காலியா இருக்கு. காதுல அந்த மேல் சுரம் அப்படியே நிக்குது, நான் விட்ட எடத்துல, அதே அழுத்தத்துல, அசங்காம, தூக்கிக்கிட்டு வந்த குடத்தோட ஒரு பக்கத்தை யாரோ பிடிச்சுக்கிட்ட மாதிரி. வயலின் இல்ல அது. எனக்கு வயலினும் தெரியும், சாக்ஸும் தெரியும். ஒரு நொடி இருக்குமா, அதை விடக் குறைச்சல்தான், ஆனா அந்தக் குறைச்சல்ல எனக்கு எல்லாத்துக்கும் நேரம் இருந்துச்சு, பயப்பட, திலீபனைப் பார்க்க, அவன் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கிட்டு இருக்கான், மூச்சை முழுசா இழுத்து முடிக்க, திரும்ப வாயை வைக்க. வச்சேன். ஊதினேன். நான் வந்ததும் அது விட்டுடுச்சு, எங்க விட்டுச்சு, எங்க நான் பிடிச்சேன்னு எனக்கே தெரியல. ஏழு, எட்டு, இறங்கி, அடுத்த வரி, அதுக்கடுத்த வரி, நிறுத்தாம வாசிச்சேன், இன்னும் ரெண்டு எடத்துல எனக்கு மூச்சு தீர்ந்துச்சு, ரெண்டு எடத்துலயும் வாயை எடுத்தேன், ரெண்டு எடத்துலயும் சத்தம் நிக்கல. கடைசிப் பக்கத்துல நான் சும்மா நின்னேன், பதினாறு பேரும் குட்டியா ஒண்ணு முழுசா ஒண்ணு மூச்சு இழுத்து வாசிச்சு அடங்கினாங்க. சுடிதார் வேர்த்து முதுகோட ஒட்டிக்கிச்சு, அவ்வளவு குளிர்லயும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திலீபன் எழுந்து நிக்கறான், அவன் ஒரு டேக்குக்கு எழுந்து நின்னு நான் பார்த்ததில்ல. மைக்கை அமுக்கினான். "அக்கா, இதுதான்க்கா. இதை அனுப்பிடறேன். ஆனா ஒண்ணு சொல்லுங்க, அந்த எட்டு பார்ல எங்க மூச்சு எடுத்தீங்க? எடுத்துத்தான் இருக்கணும், எனக்குப் பிடிபடவே இல்ல." காது இருக்கறவன். அங்க ஏதோ மிச்சம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், ஒவ்வொரு மைக்கா திறந்து தேடுவான், மணி ஒண்ணு ஆனாலும் தேடுவான், கண்டுபிடிச்சுச் சுத்தமா எடுத்துடுவான். "எடுக்கவே இல்ல"ன்னேன்.